முதலில் கையுறை

தோட்டம் போடப்போகிறோம், என்னென்ன வாங்கலாம் என்று நேயர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பதில் பலருக்குச் சப்பென்று இருக்கும். முதலில் கையுறை. அடுத்து, கணுக்காலை மூடும் ரப்பர் காலணி. கத்தரி, மண்கரண்டி எல்லாம் அப்புறம்.

"மண்ணைத் தொட எதுக்குக் கையுறை? நான் என்ன ஆஸ்பத்திரியிலா வேலை பார்க்கிறேன்?" என்று என் அம்மாவே கேட்டார். வெறுங்கையால் மண்ணைப் பிசைந்து, வெறுங்காலுடன் ஈரத்தில் நின்று வளர்ந்த தலைமுறை. கையுறை போட்டால் செடியோடு ஒட்டுதல் போய்விடும் என்பது அவர் கட்சி. ஆனால் அவருக்கு இனிப்புநீர் உண்டு. அதனால்தான் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மெலியோய்டோசிஸ் என்று ஒரு நோய். அதை உண்டாக்கும் கிருமி தென்கிழக்காசியாவின் மண்ணிலும் சேற்றுநீரிலும் சாதாரணமாக வாழ்கிறது. சிங்கப்பூர் மண்ணும் விலக்கல்ல. கையிலோ காலிலோ உள்ள சிறு கீறல் வழியாக உடம்புக்குள் போகும். கனமழை நாள்களில் மூச்சு வழியாகவும் போகலாம். ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து பல மடங்கு. நுரையீரலைத் தாக்கலாம், ரத்தத்தில் கலக்கலாம், உயிரையே பறிக்கலாம். இங்கே நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான். நீண்டகால நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்கு, முள் குத்தியதே தெரியாமல் போகலாம். தோட்டத்தில் ஆசையாக இறங்குவது பெரும்பாலும் வீட்டுப் பாட்டிகளும் தாத்தாக்களும்தானே?

இந்த நோயை முதலில் அடையாளம் கண்டது ரங்கூனில், 1911ஆம் ஆண்டில். கண்டுபிடித்த இருவரில் ஒருவர் ஆல்ஃபிரட் விட்மோர். மற்றவர் பெயர் கிருஷ்ணசாமி. பாடப்புத்தகங்களில் விட்மோர் பெயர்தான் அதிகம் நிலைத்தது. அது வேறு கதை.

பயந்துபோய்த் தோட்டத்தைக் கைவிட வேண்டாம். முழுத் துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சி உள்ளே விடும், அது வேண்டாம். உள்ளங்கைப் பக்கம் ரப்பர் பூசியது வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு சோடி இருந்தால் ஒன்றைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு மற்றதைப் போடலாம். அளவு சரியாக இருக்க வேண்டும்; தொளதொளவென்று இருந்தால் ஐந்தாவது நிமிடமே கழற்றி வீசிவிடுவார்கள். காலணிக்கு, ஈரச்சந்தையில் மீன் விற்பவர்கள் போட்டிருப்பதுபோல் ஒன்று போதும். காலில் ஆறாத புண் இருந்தால் அது ஆறும்வரை மண் வேலையே வேண்டாம். மண்ணில் வேலை செய்த சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

இனி மற்ற கருவிகள். நம்மில் பலருக்குத் தோட்டம் என்றால் வீட்டுத் தாழ்வாரத்தில் நாலு தொட்டி, அல்லது தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டு. அந்தத் துண்டு 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இரு பக்கமிருந்தும் கை எட்டும் பாத்தி. இதற்கு மம்பட்டி எதற்கு? நீளக் கைப்பிடி வைத்த வாரி எதற்கு? பெட்டியில் அடுக்கி விற்கும் பதினைந்து கருவித் தொகுப்பைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அதில் மூன்றைத்தான் எடுப்பீர்கள், அந்த மூன்றும் மட்டமாக இருக்கும்.

மண் அள்ளும் கைக்கரண்டி ஒன்று வேண்டும். அதன் கழுத்தைப் பாருங்கள். தகட்டை வளைத்துப் பிடிக்குள் செருகியது என்றால், இறுகிய மண்ணில் குத்தும் முதல் நாளே வளையும். தகடும் கழுத்தும் ஒரே வார்ப்பாக இருப்பது பல வருடம் உழைக்கும்.

கொஞ்சம் காசு போடவேண்டியது கிளைவெட்டும் கத்தரிக்குத்தான். இதில் இரண்டு வகை. ஒன்றில் கத்திரிக்கோல்போல் இரு அலகுகளும் உரசிக்கொண்டு கடக்கும். இன்னொன்றில் கத்தி ஒரு தட்டையான கட்டையின் மேல் இறங்கும். பச்சைத் தண்டுக்கு முதல் வகைதான். இரண்டாவது நசுக்கிவிடும், காய்ந்த குச்சிக்கு வேண்டுமானால் சரி. கறிவேப்பிலை வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். தினமும் ஈர்க்கு ஈர்க்காகப் பிய்த்தெடுக்கும் செடி ஒட்டடைக்குச்சிபோல மேலே மேலே போகும். நுனிக்கொம்பை ஒரு கணுவுக்குச் சற்று மேலே சுத்தமாக வெட்டி எடுத்தால், அதன் கீழிருந்து புதுக் கிளைகள் வெடிக்கும். செடியும் புதராகும், ரசத்துக்கும் குறையிருக்காது. வெண்டைக்காயையும் பிடித்து இழுக்காமல் காம்பில் வெட்டுங்கள்.

கத்தரியைக் கடையில் திறந்து மூடிப் பாருங்கள். அதுவும் யார் அதிகம் பயன்படுத்துவாரோ, அவர் கையில் கொடுத்து. என் கைக்குப் பொருந்தும் கத்தரியை முழுதாக விரித்தால் அம்மாவின் விரல்கள் மறுபிடியை எட்டுவதில்லை. இப்போது வீட்டில் இருப்பது அவர் அளவுக்கு வாங்கியது. நான் கொஞ்சம் மடக்கிப் பிடித்துக்கொள்கிறேன். மூட்டுவலி உள்ளவர்களுக்கு, ஒரே அழுத்தில் வெட்டாமல் படிப்படியாக அழுத்தி வெட்டும் வகையும் கிடைக்கிறது.

நீரூற்றும் வாளி விஷயத்தில் எல்லாரும் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 10 லிட்டர் வாளியை நிரப்பிக்கொண்டு குழாயிலிருந்து நடந்து பாருங்கள், தோள்பட்டை பேசும். 3 லிட்டரில் இரண்டு வாங்குங்கள். இரு கையிலும் எடை சமமாக இருக்கும். வேண்டும்போது இரண்டு பேர் ஆளுக்கொன்றாக ஊற்றலாம். சின்னப் பிள்ளைக்கு மூடியில் ஓட்டை போட்ட பழைய போத்தல் போதும், அதற்குத்தான் சண்டையே நடக்கும். வாயில் பொருத்தும் பூவாளித் தலையில் துளைகள் நுண்ணியதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கீரை விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும் இதே கணக்குதான். டெங்கி பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் காலியாக இருந்தால் போதாது.

பட்டியலில் யாரும் எழுதாத இன்னொன்று: உயரம் குறைந்த பிளாஸ்டிக் முக்காலி. அறுபதைத் தாண்டியவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போவதற்குக் காரணம் ஆர்வம் குறைவது அல்ல, முழங்கால்.

கருவிகளைத் தாழ்வாரத்தில் பரப்பி வைக்கக்கூடாது. அவசரத்தில் வெளியேற வழி வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஓடுவார்கள். மூடியுள்ள ஒரு வாளிக்குள் எல்லாம் அடங்கிவிடும். உள்ளே போடுமுன் மண்ணைக் கழுவி, துடைத்து, கத்தரியின் திருகில் ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய். நம் ஈரக்காற்றில் இதைத் தவறவிட்டால் ஒரே மாதத்தில் துரு ஏறும். சமையலறைத் தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப்போய்க் கத்தரி ஒட்டிக்கொள்ளும்.