பிரிட்டிஷ் சாம்பியன்னா யாரு?

மக்களே, டிஸர்டேஷன் எழுத உட்கார்ந்தாதான் எனக்கு செஸ் வரலாறெல்லாம் படிக்கத் தோணும் :-) இந்த வாரம் மாட்டினது பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்.

1904-ல ஹேஸ்டிங்ஸ்ல ஆரம்பிச்சது. முதல் வருஷம் ஜெயிச்ச நேப்பியரே இங்கிலாந்துல பிறந்து, சின்ன வயசுல அமெரிக்கா போய் வளர்ந்தவர். ஆக, 'நம்மாளு யாரு'ங்கற குழப்பம் அப்பவே இருந்திருக்கு.

அப்புறம் நம்ம சுல்தான் கான். ('நம்ம'ன்னா பக்கத்து ரூம் லாகூர்க்காரன் சண்டைக்கு வருவான்.) பஞ்சாப் கிராமத்துக்காரர். சிப்பாய் முதல் நகர்த்தல்ல ரெண்டு கட்டம் போகக் கூடாதுங்கற நம்மூர் விதியில ஆடிப் பழகினவர். நிலக்கிழார் உமர் ஹயாத் கான் அவரை லண்டன் கூட்டிட்டு வந்தார். 1929, 1932, 1933-ன்னு மூணு தடவை சாம்பியன். நடுவுல கபாபிளாங்காவையே தோற்கடிச்சார். ஒலிம்பியாட்ல இங்கிலாந்துக்கு முதல் போர்டு. 1933 கடைசியில எஜமானரோட ஊர் திரும்பினார், அவ்ளோதான். 1950-ல ஃபிடே கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுக்க ஆரம்பிச்சப்ப இவர் உயிரோடதான் இருந்தார். இறந்தது 1966. கௌரவப் பட்டம் வந்தது 2024-ல!

காமன்வெல்த் நாட்டுக்காரங்க ஆடலாம்ங்கறது 2003 வரைக்கும் இருந்துச்சு. 2002-ல நம்ம சென்னை ஆர்.பி.ரமேஷ் (ஆமா, பிரக்ஞானந்தாவோட கோச்சேதான்), 2003-ல புனே அபிஜித் குண்டே. 2004-லேர்ந்து பிரிட்டன், அயர்லாந்துக்காரங்களுக்கு மட்டும்னு கதவைச் சாத்தியாச்சு. படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. ரெண்டு வருஷம் தொடர்ந்து நாம ஜெயிச்சா பொறுக்காதான்னு.

ஆனா யோசிச்சா, சாத்தினது சரின்னுதான் படுது. நம்ம நேஷனல்ஸ்ல ஒரு வெள்ளைக்காரன் வந்து கோப்பையைத் தூக்கிட்டுப் போனா சும்மா இருப்போமா? தவிர, சுல்தான் கானுக்குத் திறந்தது சாம்ராஜ்யத்தோட கதவு. வா, ஆடு, ஜெயி, கிளம்பு. அதுக்காக ஏங்கறதுக்கு என்ன இருக்கு?

எனக்கு போதனா சிவானந்தன் கதைதான் பிடிச்சிருக்கு. அப்பா அம்மா திருச்சி, பொண்ணு பிறந்தது லண்டன். கொரோனா சமயத்துல அப்பாவோட நண்பர் இந்தியா திரும்பறப்ப கொடுத்துட்டுப் போன சாமான்ல இருந்த செஸ் போர்டுதான் ஆரம்பம். 2025-ல லிவர்பூல்ல இதே சாம்பியன்ஷிப்ல, 10 வயசுல, பீட்டர் வெல்ஸ்ங்கற கிராண்ட்மாஸ்டரைச் சாய்ச்சுட்டா. என் விசா இன்னும் எட்டு மாசம். நான் இங்க விருந்தாளி, ஒத்துக்கறேன். அவ அப்படி இல்ல. அவ ஒருநாள் சாம்பியனானா யாரும் எந்த விதியையும் தேட வேண்டியதில்ல.

லாகூர்க்காரன் மட்டும் ஒத்துக்கல. "அப்ப எங்க சுல்தான் கானோட மூணு கோப்பையையும் திருப்பிக் கொடுக்கணுமா?"ங்கறான். அதெல்லாம் முடியாதுடான்னுட்டேன்.