சயாம் தேசத்து ராஜகுருமார்

கப்பலேறிப் பர்மாவுக்கும் மலாய்க்கும் சென்று பொருளீட்டிய நகரத்தார் கதையை மானகிரி, காரைக்குடிப் பக்கத்து நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே கீழ்க்கடலைத் தாண்டிய வேறொரு கூட்டத்தாரும் உண்டு. இவர்கள் கையோடு கொண்டு சென்ற முதல், மந்திரமும் பாட்டுமேயாகும்.

முன்னாளில் சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் மன்னர்கள் பௌத்தர்கள். ஆயினும் பட்டாபிஷேகச் சடங்குகளில் முதலிடம் பிராம்மண ராஜகுருவுக்கு உண்டு. 2019-ம் ஆண்டு மே 4-ந் தேதி மன்னர் வஜிரலங்கோர்ன் முடிசூடியபோதும், வெண்ணிற உடையணிந்த ராஜகுருவே கிரீடத்தை எடுத்து நீட்டினார். மன்னர் அதை வாங்கித் தாமே சூடிக்கொண்டார். மே மாதத்தில் நிகழும் ஏர்பூட்டு விழாவில் நெல், எள், புல், நீர் முதலிய ஏழு பொருள்களை எருதுகளின் முன் வைப்பவர்களும் இக்குலத்தாரே. எருதுகள் எதை உண்கின்றனவோ அதைக் கொண்டு அவ்வாண்டின் பலன் கூறப்படும்.

தங்கள் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. 1767-ல் பர்மியப் படை பழைய தலைநகரான அயுத்தியாவை அழித்தபோது சடங்கு நூல்கள் பலவும் அழிந்தன. பின்னர் முதலாம் ராமா என்னும் மன்னர் பாங்காக்கில் புதிய தலைநகரை நிறுவி, எஞ்சிய புரோகிதர்களைத் திரட்டி, 1784-ல் இவர்களுக்காகத் தேவஸ்தானம் ஒன்றையும் கட்டுவித்தார். சிவன், விநாயகர், திருமால் மூவருக்கும் அங்கே தனித்தனிச் சந்நிதிகள் உண்டு.

மார்கழியை ஒட்டி, சிவபெருமான் பூமிக்கு எழுந்தருளிப் பத்து நாள் தங்குவதாக ஐதிகம். அவ்விழாவின் பெயர் ‘திரியம்பவாய்’! கைலாயத்தின் வாயில்களைத் திறக்கும் சடங்கில் அவர்கள் ஓதுவதும் நம் திருவெம்பாவையே. கிரந்த எழுத்தில் அமைந்த அவர்களது ஏடுகளை ஆராய்ந்த ஜான் மார் என்னும் ஆங்கில அறிஞர், அவற்றிலுள்ள தமிழ்ப் பாடல்களைப் பற்றி 1969-ல் எழுதினார்.

ஆனால் ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. தந்தை சொல்ல மகன் கேட்டு, பல தலைமுறை கடந்து வந்ததால் சொற்களும் உருமாறிவிட்டன. 1932-ல் முடியாட்சியின் அதிகாரம் ஒடுங்கியது. ஏறத்தாழ எழுபதடி உயர ஊஞ்சலில் ஆடவர் ஆடிய கண்கொள்ளாக் காட்சியும் 1935-ல் நிறுத்தப்பட்டது. ஊஞ்சல் நின்ற பின்னும் ஓதுதல் நிற்கவில்லை.

இதைச் சொல்லி நாம் மீசை முறுக்கிக்கொள்வது எளிது. மணிவாசகப் பெருமானை ஆட்கொண்ட திருப்பெருந்துறை காரைக்குடிக்குக் கிழக்கே சிறிது தொலைவில்தான் இருக்கிறது. அவர் பாடிய மொழியையே நாம் வீட்டில் பேசுகிறோம். அப்படியிருந்தும் திருவெம்பாவையின் இருபது பாட்டையும் ஏடு பாராமல் சொல்லக்கூடியவர் நம் தெருவில் எத்தனை பேர்? ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாதவர்கள் அதைக் கடலுக்கு அப்பால் காத்து வைத்திருக்கிறார்கள். பொருளறிந்த நாம், வரும் மார்கழியில் நாளுக்கொரு பாட்டாகக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் மாதம் முடியுமுன் இருபதும் முடிந்துவிடும்.