லூஸ் கனெக்‌ஷன்

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 மார்ச் 26, அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகம், நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி ஆகப்போகிறது. வெளிச்சமாக வந்துகொண்டிருக்கும் ராட்சதக் கப்பல் ஒன்று சட்டென்று இருண்டுபோகிறது. மறுபடி விளக்கு வருகிறது, கரும்புகை கிளம்புகிறது, மறுபடி இருட்டு. பிறகு கப்பலின் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்பி, பாலத்தின் தூணையே குறிவைத்து வருவதுபோல வந்து மோதுகிறது. சில விநாடிகளில் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் இரும்புச் சட்டங்கள் மடங்கி பட்டாப்ஸ்கோ ஆற்றுக்குள் போய்விடுகின்றன.

நம் நேரப்படி அப்போது பகல் 11 மணி. சாப்பாட்டு வேளைக்குள் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பே வந்துவிட்டது. சைபர் அட்டாக்காம். கப்பலின் கம்ப்யூட்டரை யாரோ எங்கிருந்தோ பிடித்துத் தூணில் மோதவிட்டார்களாம். கேப்டன் உக்ரைன்காரர் என்று ஒரு செய்தி சுற்றியது, அது பொய். 2022 அக்டோபரில் கிரிமியாவின் கெர்ச் பாலத்தில் நடந்த குண்டுவெடிப்பின் காட்சியை எடுத்து, ‘பால்டிமோரில் வெடித்தது இதோ’ என்று போட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸில் 2023இல் வந்த ‘லீவ் தி வேர்ல்ட் பிஹைண்ட்’ படத்தில் எண்ணெய்க் கப்பலொன்று கடற்கரையில் ஏறும் காட்சி உண்டு. அந்தப் படத்தைத் தயாரித்தவர்களில் ஒபாமா தம்பதியின் நிறுவனமும் உண்டு என்பதால், எல்லாம் முன்பே தெரிந்துதான் நடந்தது என்றார்கள். பயங்கரவாதத்துக்கான தடயம் எதுவும் இல்லை என்று எஃப்பிஐயும் மேரிலாந்து ஆளுநர் வெஸ் மூரும் அன்றே சொன்னார்கள். அதையே மறைப்புக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

சந்தேகப்பட்டதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கெர்ச் பாலத்தின் ஒரு பகுதி உண்மையிலேயே குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு பால்டிக் கடலின் அடியில் நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்களும் வெடிவைத்து உடைக்கப்பட்டன. சதி என்பது உலகத்தில் இல்லாத சரக்கு அல்ல. சந்தேகத்தைக் கேள்வியாக வைத்துக்கொண்டு காத்திருப்பதற்குப் பதில், முதல் மணி நேரத்திலேயே அதைப் பதிலாக மாற்றிக்கொள்கிறோமே, எனக்கு வருத்தம் அதில்தான்.

அன்று மாலை என் அத்தானுக்குப் போன் செய்தேன். தூத்துக்குடிக்காரர்; சரக்குக் கப்பல்களில் சீஃப் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோவைப் பல தடவை பார்த்திருந்தார். “அது பிளாக் அவுட் மாப்ள. லைட் போறதப் பார்த்தாலே தெரியுது. வெளியில இருக்கிறவங்களுக்கு இருட்டு தெரியும். எஞ்சின் ரூம்ல இருக்கிறவனுக்கு முதல்ல தெரியறது சத்தம் நின்னுபோறது. கப்பல்ல சத்தம் நின்னாத்தான் எங்களுக்குப் பயம்” என்றார். அந்தக் கப்பலின் எஞ்சின் ரூம் இளைஞர்கள் அந்த நேரத்தில் கீழே என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று அவர் பேசிய பேச்சில், குரல் ஒரு இடத்தில் உடைந்தது.

மின்சாரம் போனால் கப்பல் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் பெரிய எஞ்சின் எண்ணெயில்தான் ஓடுகிறது. ஆனால் அதைக் குளிர்விக்கும் பம்புகள், அதற்கு எண்ணெய் தரும் பம்புகள் எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. அவை நின்றால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும். சுக்கானைத் திருப்பும் பம்புகளுக்கும் மின்சாரம் வேண்டும். எமர்ஜென்சி ஜெனரேட்டர் வந்து கொஞ்சம் உயிர் கொடுக்கும். ஆனால் விசிறி தள்ளும் தண்ணீர் இல்லாமல் சுக்கான் மட்டும் திரும்பி அதிகம் பயனில்லை. டாலி என்ற அந்தக் கப்பல் கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். சுமையோடு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். கப்பலுக்கு பிரேக் கிடையாது. நங்கூரத்தை இறக்கினார்கள், அந்தத் தூரத்துக்குள் அது பிடித்து நிறுத்தாது.

ஒரு சதிகாரன் இருந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அவனுக்குக் கையில் இருந்தது மூன்று நான்கு நிமிடம். கொஞ்சம் முந்தி மின்சாரம் போயிருந்தால் நிறுத்தவோ திருப்பவோ இடமிருந்திருக்கும். கொஞ்சம் பிந்திப் போயிருந்தால் கப்பல் பாலத்தைத் தாண்டியிருக்கும். பிடிப்பு இழந்த கப்பல் காற்றிலும் நீரோட்டத்திலும் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று அதற்கு வழிகாட்ட ஏறியிருந்த பைலட்டுகளாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. இதையெல்லாம் தூரத்தில் உட்கார்ந்து ஒருவன் கணக்குப் போட்டுத் தூணில் கொண்டுவந்து சேர்த்தான் என்பதை நம்புவதற்கு, உண்மையை நம்புவதைவிட மிகப் பெரிய நம்பிக்கை வேண்டும்.

உண்மை வெளிவர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பர் 18 அன்று காரணத்தை அறிவித்தது. கப்பலுக்குள் இருந்த ஆயிரக்கணக்கான வயர்களில் ஒன்று அது. தடித்த மின்கேபிள்கூட இல்லை. மெல்லிய சிக்னல் வயர். எந்த வயர் எங்கே போகிறது என்று தெரிய ஒவ்வொன்றின் நுனியருகிலும் பெயர்ப்பட்டை ஒன்று மாட்டுவார்கள். இந்த வயரில் அந்தப் பட்டை நுனிக்கு மிக அருகில் வந்துவிட்டது. அதனால் வயரின் முனை டெர்மினலின் ஸ்பிரிங் பிடிக்குள் முழுசாக இறங்கவில்லை, பட்டை தடுத்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மாட்டியிருப்பதுபோலவே இருக்கும். எத்தனையோ கடல் தாண்டி, எத்தனையோ அதிர்வு தாங்கி, அந்த இரவு அது தொடர்பை விட்டது. பிரேக்கர் விழுந்தது, கப்பல் இருண்டது. நம் வீட்டு எலெக்ட்ரீஷியன் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்துவிட்டு ‘லூஸ் கனெக்‌ஷன் சார்’ என்பாரே, அதேதான்.

ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் ஆட்கள் மின்சாரத்தை மீட்டுவிட்டார்கள். பின் ஏன் இரண்டாவது முறையும் போனது? அதற்குக் காரணம் வேறு. என்னைக் கேட்டால் அதுதான் அதிகக் கோபம் தருவது. ஜெனரேட்டர்களுக்கு டீசல் அனுப்ப, அந்த வேலைக்கென்று இல்லாத ஒரு பம்பை ஓட்டி வந்திருக்கிறார்கள். குழாய்களைக் கழுவி விடுவதற்கான ஃப்ளஷிங் பம்பு அது. முறையான பம்பாக இருந்தால் மின்சாரம் வந்ததும் தானாகக் கிளம்பும். இது கிளம்பாது, யாராவது போய்ப் போட வேண்டும். எண்ணெய் அழுத்தம் இறங்கியது; ஜெனரேட்டர் மறுபடி நின்றது. இன்னொரு கப்பலிலும் இதே பழக்கம் இருந்ததை வாரியம் கண்டது. ஒரு கப்பலில் ஒருவர் செய்த அவசர ஏற்பாடு இல்லை இது, நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட பழக்கம்.

புறப்படுவதற்குச் சுமார் பத்து மணி நேரம் முன்பு, துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோதே அந்தக் கப்பலில் இரண்டு முறை மின்சாரம் போயிருந்தது. பராமரிப்பு வேலையில் ஒருவர் புகைபோக்கியின் தடுப்பைத் தவறுதலாக மூடியது ஒன்றுக்குக் காரணம். அந்தக் குழப்பத்துக்குப் பின் பல மாதமாகப் பயன்படுத்திவந்த டிரான்ஸ்ஃபார்மரை விட்டு இன்னொன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். லூஸாக இருந்த வயர் அந்தப் பக்கம் இருந்தது. இந்தக் கதையைச் சதி என்று சொன்னால் பட்டை மாட்டியவர், சோதித்தவர், பம்பை அனுமதித்தவர், கப்பலை நடத்திய நிறுவனம் எல்லோருமே தப்பிவிடுகிறார்கள். வராத எதிரி எல்லாப் பழியையும் சுமந்துகொண்டு போய்விடுகிறான்.

பாலத்தின் கதையும் இப்படித்தான். 1977இல் திறந்த பாலம் அது. மூன்றே ஆண்டில், 1980இல், ‘ப்ளூ நாகோயா’ என்ற சரக்குக் கப்பல் கட்டுப்பாடு இழந்து இதே பாலத்தில் மோதியது. கப்பல் சிறியது, பாலம் தாங்கியது, எல்லோரும் மறந்தார்கள். அதே 1980 மே மாதம் புளோரிடாவில் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தைப் புயல் மழைக்கு நடுவே ஒரு கப்பல் இடித்து 35 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் பாலங்களைக் கப்பல் மோதலிலிருந்து காப்பதற்கான கணக்கு முறை உருவாகி 1991இல் வெளிவந்தது. புதுப் பாலங்களுக்கு அது கட்டாயமானது. பழைய பாலங்களுக்கு வெறும் பரிந்துரை. டெலவேர் நினைவுப் பாலத்துக்காரர்கள் தங்கள் தூண்களைச் சுற்றி 80 அடி விட்டத்தில் எட்டு காப்புத் திட்டுகள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். கீ பாலத்தருகே இருந்தவை 1970களின் சிறு திட்டுகள். டாலி அவற்றை ஒட்டியே வந்து தூணில் இடித்தது.

அந்தக் கணக்கை இந்தப் பாலத்துக்கு யாரும் போடவே இல்லை. விபத்துக்குப் பின் வாரியமே போட்டுப் பார்த்தபோது, முக்கியப் பாலங்களுக்கு ஏற்கத்தக்க ஆபத்தைவிடக் கிட்டத்தட்ட 30 மடங்கு ஆபத்து என்று வந்தது. 2025 மார்ச்சில் அதன் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி இதைச் சொன்னார். 19 மாநிலங்களில் 68 பாலங்கள் இதேபோலக் கணக்குப் போடப்படாமல் நிற்கின்றன என்று பட்டியலும் தந்தார்கள். கோல்டன் கேட் பாலமும் புரூக்ளின் பாலமும் அதில் உண்டு.

டாலி போய்ச் சேர வேண்டியிருந்த இடம் கொழும்பு. ஆபத்தான சரக்கு 56 கன்டெய்னர்களில் இருந்தது என்ற செய்தி வந்ததும் இலங்கையில் கேள்வி எழுந்தது: எங்கள் நாட்டுக்கு நஞ்சுக் கழிவா அனுப்பினார்கள்? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கியதைக் கண்ட மக்கள் அப்படிக் கேட்பது நியாயம். அந்தச் சந்தேகத்துக்கு அடியில் ஒரு காயம் இருக்கிறது.

ஆனால் கப்பலின் ஆட்களை நடத்திய விதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 20 இந்தியர், ஒரு இலங்கையர். சதி என்று ஒரு கூட்டம் சொல்ல, இன்னொரு கூட்டம் அவர்களைக் கோவணம் கட்டிய காட்டுமிராண்டிகளாக கார்ட்டூன் வரைந்து சிரித்தது. இடிந்த பாலத்தின் இரும்பு கப்பலின் முன்பக்கத்தில் கிடக்க, அதை வெடிவைத்து வெட்டியபோதும் அவர்கள் கப்பலுக்குள்ளேயே இருந்தார்கள். விசாரணைக்காக அவர்களுடைய போன்களும் வாங்கப்பட்டன. அத்தான் இதைச் சொல்லிச் சொல்லி ஆறமாட்டார். விபத்து நேரத்தில் பைலட்டுகளும் கப்பல் ஆட்களும் தாமதமின்றிச் செயல்பட்டார்கள், தூரம்தான் போதவில்லை என்று வாரியம் கடைசியில் சொன்னது. அந்தக் கார்ட்டூன் போன தூரம் இந்த வரி போகவில்லை.

சதிக் கதைகளில் எங்குமே வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலத்தின் மேல் அன்றிரவு குழிகளை அடைத்துக்கொண்டிருந்த சாலைத் தொழிலாளர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சல்வடோரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆறு பேர் போனார்கள். கடைசி உடலை எடுக்க மே மாதம் ஆகிவிட்டது. தண்ணீரில் விழுந்தவர்களில் ஒருவர், நீச்சல் தெரியாதவர், மூழ்கும் வண்டியின் ஜன்னல் கண்ணாடியைக் கையால் இறக்கி வெளியே வந்து பிழைத்தார். சாலை ஆய்வாளர் ஒருவரும் தப்பினார்.

பைலட் உதவி கேட்ட செய்தி போலீசுக்குப் போனது. இரண்டு முனைகளிலும் வண்டிகளை நிறுத்தினார்கள். அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எத்தனையோ. அந்த வயர்லெஸ் பதிவு பொதுவில் இருக்கிறது. மேலே வேலையாட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டும் என்ற பேச்சு வருகிறது. இன்னொரு வண்டி வந்து இங்கே நின்றதும் நான் மேலே போய்ச் சொல்கிறேன் என்கிறார் ஒரு காவலர். அவர் பேசி முடித்துச் சில விநாடிகளில், பாலம் முழுக்க விழுந்துவிட்டது என்று இன்னொரு குரல் கத்துகிறது.

அந்தத் தொழிலாளர்கள் இடைவேளையில் தங்கள் வண்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். போக்குவரத்தை நிறுத்தச் சொன்ன அதே நொடியில் அவர்களுக்கும் ஒரு போன் போயிருந்தால், பாலத்தின் விழாத பகுதிக்கு ஓட்டிப் போய்விட நேரம் இருந்திருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை. போலீசிடமிருந்து அந்த வண்டிகளுக்கு நேராகச் செல்லும் வழி எதையும் யாரும் ஏற்படுத்தி வைத்திருக்கவில்லை.