பெயரைக் கிழித்துவிட்டுத் திருத்துங்கள்



நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகரலாம். வருகைப் பதிவு எடுக்கப் போவதில்லை.

மேஜிக் கார்டு ஆட்டத்தில், சினிமாவிலிருந்தோ காமிக்ஸிலிருந்தோ வீடியோ கேமிலிருந்தோ ஆட்களைக் கூட்டிவந்து ஒரு புதுத் தொகுப்பு அறிவித்தால் போதும், நம் குழுவில் இரண்டே குரல்தான் கேட்கிறது. ஒன்று, "ஆஹா, ஸ்பைடர்மேன்!" இன்னொன்று, "ச்சீ, ஸ்பைடர்மேனா!" முதல் குரல்காரர் பெட்டி பெட்டியாக முன்பதிவு செய்கிறார். இரண்டாம் குரல்காரர் ஆட்டமே செத்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறார். இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே கார்டில் எழுதியிருப்பதைப் படிக்கவில்லை. வினாவைப் படிக்காமலே விடை எழுதும் பையன்களோடு காலம் தள்ளிய கணக்கு வாத்தியாருக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற மனுஷன் சீட்டாட்டத்தில் இறங்கிவிட்டாரா என்று பதறும் அத்தை, சித்திமார்களுக்கு ஒரு வார்த்தை. இது ரம்மி இல்லை. 1993-இல் இதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர், கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். நம்ம ஆள். ஒவ்வொருவரும் குறைந்தது 60 கார்டுகள் கொண்ட கட்டோடு உட்கார வேண்டும். ஆளுக்கு 20 உயிர். மானா என்பது கையிருப்புக் காசு மாதிரி. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஒவ்வொரு கார்டிலும் மேலே வலது மூலையில் அதை இறக்க எவ்வளவு மானா ஆகும் என்று போட்டிருக்கும். கீழே அது என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். விலையும் பொருளும் ஒரே தாளில். கொடுத்த விலைக்குப் பொருள் தகுமா என்று பார்ப்பதுதான் இந்த ஆட்டத்தின் பாதி. பேரன் சொல்லிக்கொடுத்தான். இப்போது போனில் அரினா செயலியில் நானே ஆடுகிறேன், பென்ஷனில் கை வைக்காமல்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போன ஆசிரியர்களுக்கு இது தெரியும். தாள் நம் கைக்கு வரும்போது மாணவன் யார், எந்தப் பள்ளி என்பது தெரியாது. அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு ஒரு டம்மி நம்பர்தான் இருக்கும். ஏன்? திருத்துகிறவன் கெட்டவன் என்பதால் இல்லை. பெயர் தெரிந்தால் நல்லவனுக்கும் கை தானாகவே அரை மதிப்பெண் கூட்டிப் போடும், இல்லையென்றால் குறைத்துப் போடும். கார்டையும் அப்படித்தான் திருத்த வேண்டும் என்கிறேன். பெயரையும் படத்தையும் மறைத்துவிட்டுப் படி.

இதற்கு உதாரணம் வேண்டுமென்றால் 2023 ஜூனில் வந்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தொகுப்பைப் பார்ப்போம். அந்தக் கதையில் உலகையே காப்பாற்றப் புறப்படும் நாயகன் ஃப்ரோடோ. தொகுப்பில் அவனுக்கு ஒரு கார்டு உண்டு. ஒரு மானாவுக்கு வருவான், வந்தவுடன் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யமாட்டான். மேலும் 2 மானா செலவழித்தால் கொஞ்சம் தேறுவான். இன்னும் 3 செலவழித்தால் அடுத்த நிலைக்குப் போவான். அதன் பிறகும், மோதிரம் நான்கு முறை உங்களைச் சபலப்படுத்தியிருந்தால்தான் அவன் அடி எதிராளியைத் தோற்கடிக்கும். 1+2+3 என்று ஆறு மானாவை அவன் மேல் போட்டு முடிப்பதற்குள் எதிராளி ஒரே ஒரு மானாவுக்கு ஒரு 'லைட்னிங் போல்ட்' அடித்து அவனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவிடலாம். கதை தெரிந்தவனுக்கு இந்தக் கார்டு கண்ணீர் வரவழைக்கும். அழகான கார்டுதான், மறுக்கவில்லை. மதிப்பெண் போடச் சொன்னால் தேர்ச்சிக்கே இழுபறி.

அதே தொகுப்பில் 'ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ்' என்று ஒன்று. கதையில் பெயர்கூட இல்லாத வில்லாளிகள். இரண்டு மானா. எதிராளியின் சுற்றிலேயே திடீரென்று இறக்கலாம். வந்தவுடன் விரும்பிய இடத்தில் ஒரு அடி, கூடவே இன்னொரு ஆர்க் படை. அதற்குப் பிறகு எதிராளி வழக்கமான ஒரு கார்டுக்கு மேல் எத்தனை எடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு அடி, படையும் வளரும். பெயரை மறைத்துப் படித்தவன் முதல் நாளே இதை ஓரமாக எடுத்து வைத்திருப்பான். பெயரைப் பார்த்தவன் ஃப்ரோடோவைத் தேடிப் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தான்.

சரி, மோதிரத்துக்கு வருவோம். 'தி ஒன் ரிங்'. இதை நான் கரும்பலகையில் போட்டே காட்ட ஆசை. நான்கு மானா, எந்த நிறமும் தேவையில்லை, ஆகவே எந்தக் கட்டிலும் போகும். இறக்கியவுடன் உங்கள் அடுத்த சுற்று வரை உங்களை யாராலும் தொட முடியாது. பிறகு அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அதன் மேல் ஒரு சுமைக் குறி ஏறும்; எத்தனை குறியோ அத்தனை கார்டு எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை 1, அடுத்து 2, அடுத்து 3. மூன்று சுற்றில் ஆறு கார்டு. பதிலுக்கு, உங்கள் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் எத்தனை குறியோ அத்தனை உயிர் போகும். அந்த ஆறு கார்டு கையில் சேரும்வரை போனது 1+2, மூன்றே உயிர். இருபதில் மூன்று.

இங்கேதான் கதை தெரிந்தவன் ஏமாறுகிறான். அவன் மனதில் மோதிரம் என்றால் சுமப்பவனைத் தின்றுவிடும் பாரம். "கடைசியில் சுமை கொன்றுவிடும் சார்" என்பான். கார்டைப் படி தம்பி. கட்டில் இதே கார்டை நான்கு வைக்கலாம். ஒரே ஒரு மோதிரம்தான் என்பது கதையில், கட்டில் நான்கு. இரண்டாவது மோதிரத்தை இறக்கும்போது விதிப்படி இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். பழையதைத் தூக்கிப் போடு. அதோடு சுமைக் குறிகளும் போயின. கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஒரு சுற்றுக்குத் தொட முடியாத கவசமும் மறுபடி கிடைக்கும். கதையில் யாராலும் இறக்கி வைக்க முடியாத பாரத்தைக் கார்டில் இறக்கி வைக்க வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் மாடர்ன் ஆட்டமுறையில் இதைத் தடை செய்தார்கள். ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள்.

(உலகிலேயே ஒரே ஒரு பிரதி என்று அச்சிட்ட மோதிரக் கார்டை அமெரிக்கப் பாடகர் போஸ்ட் மலோன் சுமார் 20 லட்சம் டாலருக்கு வாங்கியது வேறு சங்கதி. அது அருங்காட்சியக விலை. ஆட்ட மேசையில் அதுவும் மற்ற மோதிரம் செய்யும் வேலையைத்தான் செய்யும்.)

அடுத்தது, போன வருடம் நம் பிள்ளைகள் சிலர் கையைச் சுட்டுக்கொண்ட கார்டு. 2025 ஜூனில் 'ஃபைனல் ஃபேன்டஸி' தொகுப்பு வந்தது. வெளியார் கதையைக் கொண்ட ஒரு முழுத் தொகுப்பு ஸ்டாண்டர்டு முறையில் செல்லும் என்று ஆனது இதில்தான் முதல் முறை. ஒரே நாளில் 20 கோடி டாலர் விற்பனை என்று ஹாஸ்ப்ரோ நிறுவனம் சொன்னது. அதில் விவி என்ற குட்டி மந்திரவாதி. மூன்று மானா, தாக்கும் பலம் பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், அழகா இருக்கான்" என்று சிலர் விட்டுவிட்டார்கள். அந்த விளையாட்டை ஆடி வளர்ந்த சிலர் அழகா இருக்கான் என்பதற்காகவே வாங்கினார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? படையல்லாத எந்த மந்திரத்தை விட்டாலும் அவன் பலம் ஒன்று கூடும், எதிராளிக்கும் ஓர் அடி விழும். தன் சுற்றில் ஒரு முறை, தன் பலம் எவ்வளவோ அவ்வளவு மானாவை இலவசமாகத் தருவான். விலை கட்டப் பயன்படும் காசையே இவன் அச்சடிக்கிறான்! இது போதாதென்று 2023-இல் வந்த 'அகதாஸ் சோல் கால்ட்ரன்' என்ற அண்டாவில் செத்த விவியைப் போட்டால், வளர்ச்சிக் குறி உள்ள உங்கள் மற்றப் படைகளுக்கும் அந்தக் காசடிக்கும் வித்தை வந்துவிடும். ஒரு கார்டை மட்டும் தனியாகத் திருத்தினால் போதாது, அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

2025 நவம்பரில் விவி ஸ்டாண்டர்டில் தடை. அண்டா தப்பித்தது. வந்து ஐந்தே மாதம். கமாண்டர் மாதிரி வேறு முறைகளில் ஆடலாம்தான். ஆனால் விவி பிடிக்கும் என்பதற்காகவே ஆட்டத்துக்குள் வந்து, போட்டிக்கு என்று நான்கு விவி வாங்கிய பையனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். கார்டு பலவீனமாக இருந்தால் ஆசை மட்டும் மிஞ்சும். அளவுக்கு மீறிப் பலமாக இருந்தால் தடை வந்து அதையும் பறிக்கும். இரண்டிலும் பணம் கொடுத்தவன் அவன்.

இப்போது ஒப்பாரிக்காரர்களுக்கு. "மேஜிக் உலகம் தூய்மையானது, வெளியாட்களை விடக்கூடாது" என்கிறீர்கள். 1993 டிசம்பரில் வந்த முதல் கூடுதல் தொகுப்பின் பெயர் என்ன தெரியுமா? 'அரேபியன் நைட்ஸ்'. அலாவுதீனும் அலிபாபாவும் சிந்துபாத்தும் முதல் ஆண்டிலேயே உள்ளே வந்துவிட்டார்கள். 1999-இல் சீனத்து மூன்று ராஜ்ஜியக் கதைக்கு ஒரு தொகுப்பு போட்டார்கள். தூய்மை என்று ஒன்று இருந்ததே இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் ஒன்றுதான்: அலிபாபாவுக்கு யாரும் உரிமத்தொகை கட்ட வேண்டியதில்லை.

அந்தத் தொகையைக் கடைசியில் கட்டுவது யார்? அமெரிக்காவில் 2025-இல் வழக்கமான தொகுப்பின் 14 கார்டு பாக்கெட்டுக்கு நிறுவனம் அறிவித்த விலை 5.49 டாலர். ஃபைனல் ஃபேன்டஸி பாக்கெட்டுக்கு 6.99. ஒன்றரை டாலர் கூடுதல், சதவீதத்தில் 27. என்னிடம் படித்தவர்கள் போட்டுச் சரிபார்க்கலாம். அட்டை அதே அட்டை, மசி அதே மசி.

நிறுவனத்துக்கு நேர்மையான வழி தெரியாது என்று சொல்லமாட்டேன். 2020-இல் 'இக்கோரியா' தொகுப்பில் காட்சில்லாவைக் கொண்டுவந்தார்கள். அது பெரும்பாலும் அதே தொகுப்பின் கார்டுகளுக்குப் போட்ட மாற்றுச் சட்டைதான். காட்சில்லா பிடித்தவன் அந்தச் சட்டையோடு வாங்கினான், பிடிக்காதவன் சாதாரணமாக வாங்கினான், இருவரும் ஒரே மேசையில் ஆடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 'தி வாக்கிங் டெட்' தொடரின் ஆட்களை விற்றபோது அந்த ஒழுங்கு போய்விட்டது. வேறெங்கும் இல்லாத புதுச் சக்திகள், அவர்கள் இணையக் கடையில் மட்டும், சுமார் ஒரு வாரம் மட்டும். பிடிக்கிறதோ இல்லையோ, அந்தச் சக்தி வேண்டுமென்றால் அந்த முகத்தையும் வாங்கியாக வேண்டும். ஆட்டக்காரர்கள் கொந்தளித்த பிறகுதான், அதே வேலை செய்யும் கார்டுகளை மேஜிக் பெயர்களில் பின்னால் வெளியிட்டார்கள். கோபப்படுவதென்றால் இதற்குக் கோபப்படுங்கள். ஸ்பைடர்மேன் முகமூடிக்கு ஏன் கோபம்?

"புது ஆட்டக்காரர்கள் நிறைய வருகிறார்களே சார்" என்பீர்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு. உன் கட்டில் நாலு கார்டு போடலாமா என்பதற்கு அதில் விடை இல்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பரில் ஸ்பைடர்மேன் தொகுப்பு வந்ததே, அது என் போனில் எப்படி வந்தது தெரியுமா? ஸ்பைடர்மேன் இல்லாமல் வந்தது. அரினாவில் 'த்ரூ த ஓமன்பாத்ஸ்' என்ற தலைப்பில் வேறு பெயர், வேறு படம். விலையும் வேலையும் மட்டும் அச்சு அசலாக அதே. டம்மி நம்பர் போட்ட விடைத்தாளை நிறுவனமே கையில் கொடுத்த மாதிரி. "ஆஹா" போட்டவர்களும் "ச்சீ" போட்டவர்களும் அந்தப் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். பெட்டி புக் செய்யத் தூண்டும் கார்டு அதில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுங்கள். பிறகு அதே கார்டுகளை வலைக்காரன் படத்தோடு பாருங்கள். எண்ணிக்கை மாறினால், அந்த வித்தியாசத்துக்குத்தான் 27 சதவீதம்.

ஆசைக்கு வாங்குவதை நான் தடுக்கவில்லை. தேர்த் திருவிழாவில் பொம்மை வாங்காமல் வளர்ந்தவன் யார்? விவி படம் பிடித்தால் ஒரு விவி வாங்கி மேசையில் வை. ஆசைக் கணக்கையும் ஆட்டக் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதாதே, அவ்வளவுதான். கட்டுக்குத் தேவை என்றால் வெளியான பிறகு நான்கைந்து வாரம் பொறுத்து, தேவையான கார்டை மட்டும் தனியாக வாங்கு. வெளியாகும் முன்பே பெட்டி முன்பதிவு செய்வது, வினாத்தாள் வருவதற்கு முன்பே விடை எழுதிக் கட்டி வைப்பது.

அடுத்த தொகுப்புக்கு "சார், இது தேறுமா?" என்று கேட்கிறவர்கள் படம் அனுப்ப வேண்டாம், திறக்க மாட்டேன். பெயரை விட்டுவிட்டு, மானா எவ்வளவு, கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து பதில் போடுகிறேன். சிவப்பு மையில்தான்.