‘பூச்சியை நசுக்கு!’ என்றால் பந்து பறக்குமா?

சாஃப்ட்பாலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்திருக்கிறீர்களா? அப்படியானால் இவற்றில் ஒன்றையாவது கேட்டிருப்பீர்கள். “பந்தைவிட்டுக் கண்ணை எடுக்காதே!” “பின்முழங்கையை உயர்த்து!” “மட்டையைக் கீழ்நோக்கி வீசு!” “பின்காலால் பூச்சியை நசுக்கு!” கடைசிக் குறிப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் ஊரில் அதைக் கேட்டால் புளோக் கீழ்த்தளத்துக் கரப்பான்தான் நினைவுக்கு வரும்.

ஒரு குறிப்பு பலிக்காவிட்டால் என்ன நடக்கிறது? “சொன்னதைக் கேட்கவில்லை” என்ற பழி மாணவர்மேல் விழுகிறது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் கிடைக்கும் பயிற்சி நேரமோ கொஞ்சம். அதற்குள் அடிக்க வராதவர், “எனக்கு இது சரிப்படாது” என்று ஒதுங்கிவிடுகிறார். அந்தக் குறிப்பு சரிதானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இது நியாயமில்லை என்பது என் கருத்து. குறிப்பும் ஒரு கருதுகோள்தான். அறிவியல் வகுப்பில் கருதுகோளைச் சோதிக்கிறோம், திடலில் மட்டும் ஏன் அப்படியே விழுங்க வேண்டும்?

முதலில் கண். சிராங்கூன் சாலையில் தூரத்தில் வரும் பேருந்தைத் தலையைத் திருப்பாமலே பார்க்கலாம். அதே பேருந்து உங்களைக் கடக்கும் நொடியில் தலை சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும். பந்தும் அப்படித்தான். அருகில் வர வர, அதைப் பின்தொடரக் கண் திரும்ப வேண்டிய வேகம் மிக அதிகமாகிறது. பாஹில், லாரிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984ல் இதை அளந்து எழுதினார்கள். அவர்கள் சோதித்த தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரரின் கண்களே, ஹோம் பிளேட்டுக்கு 5.5 அடி முன்புவரைதான் பந்தோடு சேர்ந்து வந்தன. கிரிக்கெட்டிலும் கதை இதுவே. நல்ல மட்டையாளரின் கண், பந்து கையைவிட்டுப் புறப்பட்டதும் அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது என்று 2000ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

ஆக, “கண்ணை எடுக்காதே” என்பதைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்ற முடியாது. ஆனாலும் அது வீணான குறிப்பு இல்லை, தலை ஆடாமல் நிற்க அது உதவுகிறது. எனக்குக் கேட்டால், “பிட்சரின் கை பந்தை விடும் இடத்தைப் பார்” என்பது மேல். 2004ல் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் சாஃப்ட்பால் பிட்சர் ஜென்னி ஃபின்ச் வீசிய பந்தைத் தொட முடியாமல் ஆட்டமிழந்தவர் ஆல்பர்ட் புஹோல்ஸ், பேஸ்பாலின் பெரும் அடியாளர். அவர் வழக்கமாகச் சந்திக்கும் பந்துகளைவிட அது வேகம் குறைந்தது. எறியும் தூரமும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இடுப்பருகே சுழன்று வரும் கையைப் படிக்க அவர் கண் பழகியிருக்கவில்லை.

அடுத்து, “கீழ்நோக்கி வீசு.” இதற்கு இயற்பியல் பாடமே போதும். பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சருக்கும் பிளேட்டுக்கும் இடையே 43 அடி, அதாவது 13.1 மீட்டர். பிட்சர் முன்னே எட்டு வைத்து வீசுவதால் பந்து பறப்பது சுமார் 11.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். பறக்கும் நேரம் 0.52 நொடி. பந்து விடுபட்ட அதே உயரத்தில் உங்களிடம் வந்து சேர்ந்தால், பாதி நேரம் ஏறி, பாதி நேரம் இறங்கியிருக்கும். 0.26 நொடியை 9.8 ஆல் பெருக்குங்கள். கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர். காற்றையும் பந்தின் சுழற்சியையும் விட்டுவிட்டால், பந்து 6, 7 டிகிரி சரிவில் இறங்கி வருகிறது. இறங்கும் பந்தின் பாதையில் மட்டை நீண்ட நேரம் இருக்க வேண்டுமானால், மட்டை சற்றே மேலேறி வர வேண்டும். கீழ்நோக்கி வெட்டினால் இரு பாதைகளும் ஒரு கணம்தான் சந்திக்கும்.

அப்படியானால் அனுபவமுள்ள பயிற்றுவிப்பாளர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? மட்டையை அளவுக்கு மீறி மேலே தூக்கி வீசும் மாணவரிடம் “கீழே, கீழே” என்றால் அவர் நடுவுக்கு வருவார். குறிப்பு ஒரு மருந்து. காய்ச்சல் இல்லாதவருக்கும் அதையே கொடுப்பதுதான் தவறு. பூச்சி நசுக்குவதும் அப்படியே. இடுப்பைத் திருப்பவே தெரியாத புதியவருக்கு அது உதவலாம். ஆனால் தேர்ந்த அடியாளர்களின் மெதுவோட்டக் காணொளிகளைப் பாருங்கள். பந்து மட்டையில் படும்போது பலருடைய எடை முன்காலுக்குப் போயிருக்கும். பின்கால் லேசாகிவிடும், சிலருக்குத் தரையைவிட்டே எழும்பும். நசுக்க எடை எங்கே இருக்கிறது?

பின்முழங்கை விவகாரம் வேறு வகை. உடலுறுப்பைக் கவனிக்கச் சொல்வதைவிட, உடலுக்கு வெளியே ஓர் இலக்கைக் கவனிக்கச் சொல்வது நல்லது என்பது கேப்ரியேல் வுல்ஃப் 1998ல் வெளியிட்ட பனிச்சறுக்குக் கருவிச் சோதனையிலிருந்து பரவலாகப் பேசப்படும் கருத்து. “பாதத்தை அழுத்து” என்று கேட்டவர்களைவிட “பாதத்தடியில் உள்ள சக்கரத்தை அழுத்து” என்று கேட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். 2004ல் ராப் கிரே, தேர்ந்த பேஸ்பால் ஆட்டக்காரர்களைத் தங்கள் மட்டையின் அசைவையே கவனிக்க வைத்தார். அவர்கள் ஆட்டம் கெட்டது. புதியவர்களுக்கு அப்படிக் கெடவில்லை. ஆனால் இங்கேயும் அவசரம் வேண்டாம். இத்துறையின் ஆய்வுகளை மொத்தமாக அலசி 2024ல் வெளியான மறுஆய்வு, சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறியிருக்கின்றன, அதைக் கழித்துப் பார்த்தால் அந்த நன்மை வெகுவாகச் சுருங்குகிறது என்றது.

எனவே நீங்களே சோதியுங்கள். முரண்டு பிடிக்கத் தேவையில்லை. “கோச், இந்தக் குறிப்பு என் வீச்சில் எதை மாற்ற வேண்டும்?” என்று பணிவாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. பிறகு இரண்டு குறிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 பந்துகள். அடுத்த நாள் வரிசையை மாற்றி மீண்டும் 20. பந்து விழும் இடத்தைக் குறிக்கும் தோழிக்கு, நீங்கள் எந்தக் குறிப்போடு அடிக்கிறீர்கள் என்று தெரியக்கூடாது. கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால், 4 மில்லிநொடிக்கு ஒரு படம் கிடைக்கும். வீச்சின் பாதையைப் பார்க்க அது தாராளம்.

பத்தில் நாலு பட்டது ஆறானால் துள்ள வேண்டாம். நாணயத்தைப் பத்து முறை சுண்டினாலும் அவ்வளவு வேறுபாடு வரும். ஒரு வாரம் கழித்து, யாரும் குறிப்பைச் சொல்லாதபோது எப்படி அடிக்கிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அன்றைய எண்ணைத்தான் நான் நம்புவேன். உங்களுக்குப் பலித்தது பக்கத்தில் நிற்பவருக்குப் பலிக்காமல் போகலாம், ஆகவே குழுவின் குறிப்பேட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள்.