மாவட்டப் பட்டியலில் நம் பள்ளி எங்கே?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியானால் தோட்டத்து ஒட்டுக்கடையில் ஒரே பேச்சுதான். "டவுன் ஸ்கூல் மேலே போயிருச்சு, நம்ம பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல் கீழே கிடக்குது" என்பார் ஒருவர். "நம்ம பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதுப்பா" என்று முடித்து வைப்பார் இன்னொருவர். பாட்டாளிப் பெருமக்களே! அந்தப் பட்டியல் எப்படித் தயாராகிறது, பள்ளிக்குப் பணம் எப்படி வருகிறது என்று தெரியாமல் இப்படிப் பேசுவது நம் பிள்ளைகளுக்கு நாமே இழைக்கும் அநீதி.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். ஒவ்வொரு இடைநிலைப் பள்ளிக்கும் ஜி.பி.எஸ். என்ற சராசரித் தர எண் உண்டு. ஒரு பாடத்தில் ஏ பிளஸ் எடுத்தால் 0, தோல்வியான ஜி என்றால் 9. எல்லாப் பிள்ளைகளின் எல்லாப் பாடங்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். எண் குறையக் குறையத் தரம் உயர்வு. நாட்டின் சராசரி 2023ஆம் ஆண்டுத் தேர்வில் 4.60, 2024இல் 4.49. முன்னேற்றம்தான், மகிழ்ச்சியே.

ஆனால் இந்த எண் சொல்லாத சேதி இரண்டு உண்டு. ஒன்று, கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் விடுதிப் பள்ளியையும், வாசலுக்கு வந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் சாதாரணப் பள்ளியையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். இரண்டு, தேர்வு எழுதியவர்களின் புள்ளியைக் கொண்டுதான் கணக்கு. மூன்றாம் பாரத்தோடு நின்று கார் கழுவப் போன பையன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். பின்தங்கிய பிள்ளைகள் நின்றுவிட்டால் பள்ளியின் எண் அழகாகக்கூடத் தெரியும்! ஆகவே, "எத்தனையாவது இடம்?" என்று கேட்பதோடு, "முதலாம் பாரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் பாரம் வரை வந்தார்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது பணம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு ஒதுக்கியது 6,410 கோடி வெள்ளி. பெரிய தொகைதான், அதில் பெரும் பங்கு சம்பளத்துக்குப் போகிறது. பாடங்களை நடத்த ஒவ்வொரு பள்ளிக்கும் கிடைக்கும் மானியம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. 1,500 பிள்ளைகள் உள்ள டவுன் பள்ளிக்கும் 300 பிள்ளைகள் உள்ள ஓரத்துப் பள்ளிக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். தலை குறைவு என்பதற்காக ஆய்வுக்கூடச் சாமான் விலை குறைந்து வருமா? 2010இல் உயர்தரப் பள்ளித் திட்டம் தொடங்கியபோது, சிறந்து விளங்கிய பள்ளிகளுக்குக் கூடுதல் ஒதுக்கீடும் அறிவிக்கப்பட்டது. ஓடுகிறவனுக்கு உற்சாகம் கொடுப்பது சரி. தடுக்கி விழுந்தவனுக்குக் கை கொடுப்பது யார்?

நன்மைகளை மறைக்கக் கூடாது. 2008 முதல் பாடநூல் எல்லா மாணவருக்கும் இரவலாகக் கிடைக்கிறது. 2012இல் பள்ளிக் கட்டணம் ரத்தானது. 2023இல் பள்ளி தொடக்க உதவிநிதி 150 வெள்ளி, பெற்றோரின் வருமானம் பாராமல் எல்லாருக்கும் என்றானது. ஆனால் பஸ் கூலி, பயிற்சி நூல், டியூஷன் இவை நம் தலையில்தான். தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப் பள்ளியோ டவுனில். மழையில் வேலை நின்றால் சம்பளம் குறையும், பஸ்காரர் கூலியைக் குறைப்பாரா? முதலில் அடிபடுவது பிள்ளையின் படிப்பு. மலாய் மொழி போதாத பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டு கூடுகிறது. செலவும் கூடுகிறது, சலிப்பும் கூடுகிறது. மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

2025இல் இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்கிறோம். ஆனால் பெற்றோரைத் தண்டிக்கும் சட்டம் மட்டும் பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிடாது. பஸ்ஸும் கூடுதல் போதனையும் அதற்குத் துணை வர வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போக வேண்டும். "நமக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்கக் கூடாது. மூன்றாண்டு ஜி.பி.எஸ். எண்ணைக் கேளுங்கள், பள்ளியை அதன் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். சங்கத்துக்குக் கொடுப்பது நன்கொடை. கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையை யாரும் ஒதுக்க முடியாது. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டமே சொல்கிறது. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

பால் நிறுத்தவும் குலை நிறுத்தவும் நாம் தராசைக் கவனித்தவர்கள். கிராணி எழுதிய கணக்கில் ஒரு கிலோ குறைந்தாலும் கேட்டவர்கள். நம் பிள்ளைகளின் படிப்பை நிறுக்கும் தராசை மட்டும் கவனிக்காமல் விடலாமா?