கிணறு வெட்டுகிறோமா, வழி வெட்டுகிறோமா?

காத்தான்குடியில் காணி பேர்ச் கணக்கில்தான் பேசப்படுகிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. பக்கவாட்டில் விரிய இடமில்லாத வியாபாரி மேலே ஒரு மாடி எழுப்புகிறார். அதுவும் போதாவிட்டால், கொழும்பில் செய்வதுபோல் கீழே ஓர் அறை தோண்டினால் என்ன என்று யோசிக்கிறார்.

அண்மையில் புடவைக் கடையை விஸ்தரிக்கும் நண்பர் ஒருவர் வந்தார். நிலத்துக்குக் கீழே களஞ்சிய அறை, அதற்கு ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே மண் சரியாமல் ஒரு தொட்டி. "தொட்டியைத் தகரத்தால் செய்தால் மலிவா, கொங்கிறீட்டா?" என்பதே அவரது கேள்வி. இரவில் அங்கே யார் படுப்பது என்று கேட்டேன். "கடைப் பொடியன்கள் இரண்டு பேர்" என்றார்.

அப்படியானால் அது காற்றுக்கான யன்னல் மட்டுமல்ல. படிக்கட்டில் தீயோ புகையோ வந்தால் அந்த இருவருக்கும் உள்ள ஒரே மறுவழி. அமெரிக்காவின் வீட்டுக் கட்டிட விதிகள் இதற்கென்றே அளவு சொல்கின்றன. திறந்த யன்னலின் இடைவெளி அகலத்தில் 20 அங்குலத்துக்கும் உயரத்தில் 24 அங்குலத்துக்கும் குறையக்கூடாது. மொத்தப் பரப்பு 5.7 சதுர அடி வேண்டும். அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெளித்தொட்டி 9 சதுர அடி. ஆழம் 44 அங்குலத்தைத் தாண்டினால் ஏணி கட்டாயம். சாவியோ கருவியோ இன்றி உள்ளிருந்து திறக்க வேண்டும் என்பதும் விதி.

இவை வெறும் ஏட்டு விதிகள் அல்ல. 2012 செப்டெம்பர் 11இல் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 250க்கும் அதிகமானோர் மாண்டனர். யன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் கதவுகளில் பூட்டு. 2024 ஜூலை 27இல் டில்லியில் நிலக்கீழ் அறை நூலகமொன்றில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் மூழ்கி இறந்தனர். ஓரிடத்தில் நெருப்பு, மற்றையதில் தண்ணீர். இரண்டிலும் தப்பும் வழி இல்லாமல் போனது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். துத்தநாகம் பூசிய தகரம் உவர்க்காற்றில்லாத குளிர்நாடுகளில் நெடுங்காலம் உழைக்கிறது. நமது உவர்க்காற்றும் ஈரமணலும் அந்தப் பூச்சை விரைவில் தின்றுவிடும். வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் செய்த இடத்திலும் பூச்சே இருக்காது. துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக், பைபர் தொட்டிகள் துருப்பிடிக்கா. ஆனால் வெயிலில் நொறுங்கும், தீயில் கரும்புகை கக்கும்.

கொங்கிறீட்தான் நமக்குப் பொருந்தும். ஆயினும் கடல்மணலைக் கலந்தால் அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருக்கும், கொங்கிறீட் வெடிக்கும். ஆற்றுமணல் போட்டு, கம்பிக்கு வெளியே 2 அங்குலமாவது கொங்கிறீட் மூடும்படி கட்டச் சொல்லுங்கள். அலுமினிய யன்னலைப் பச்சைச் சீமெந்தில் நேரடியாகப் பதிக்க வேண்டாம். சீமெந்து அலுமினியத்தை அரிக்கும். துருப்பிடிக்காத உருக்கில் 304 ரகமும் கடற்காற்றில் புள்ளி விழும். பிணைச்சலுக்கும் கொண்டிக்கும் 316 ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அவை சிறு சாமான்கள்தான். ஆனால் யன்னல் திறப்பதும் திறக்காததும் அவற்றில்தான் இருக்கிறது.

இத்தனையும் சொன்ன பிறகும் பெரிய தடையொன்று மிச்சமிருக்கிறது. குளிர்நாடுகளில் தொட்டியின் அடியில் சரளைக்கல் போட்டு, மழைநீரை மண்ணுக்குள் வடிய விடுகிறார்கள். நமது மணலில் மாரி காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். அப்போது வடிகால் ஊற்றாக மாறும். அடியை அடைத்தாலோ, வெறும் தொட்டியைத் தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளும். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யன்னலுக்கு வழி வெட்டப் போய்க் கிணறு வெட்டிய கதையாகிவிடும். எந்தப் பொருளாலும் அதைத் திருத்த முடியாது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன ஆலோசனை இதுதான். மார்கழியில் உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தோண்ட நினைக்கும் ஆழம் அதைத் தொடுமானால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். சரக்கை மாடிக்கு ஏற்றுங்கள். தோண்டும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டு, தரைமட்டத்தில் பின்புறமாக ஒரு வெளிவழி அமையுங்கள்.

நிலக்கீழ் அறையே இல்லாத கடைக்காரருக்கும் இதில் பங்குண்டு. முன்னால் இழுகதவு, வெளியே பூட்டு, பின்னறை யன்னலில் அசையாத கம்பி, உள்ளே உறங்கும் பிள்ளைகள். இந்தக் காட்சி நமது கடைத்தெருக்களுக்குப் புதிதல்ல. கள்வனுக்குப் பயந்து கம்பி போடுவது நியாயமே. அந்தக் கம்பியை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி செய்தாலும் கள்வன் வெளியேதான் நிற்பான். வெல்டிங்காரருக்கு அது பெரிய வேலையுமல்ல.

தாய் தகப்பன் நம்மை நம்பி அமானிதமாக ஒப்படைத்த பிள்ளைகள் அவர்கள். இன்றிரவு கடையைப் பூட்டுமுன் விளக்கை அணைத்துவிட்டு, அவர்களில் இளையவனிடம் பின் யன்னலைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். திறக்காவிட்டால் நாளைக்கு முதல் வேலை அதுவாகட்டும்.